கொஞ்சம் புரண்டு படுங்க

கல்லீரலுக்குள் கறுப்பாக, வட்டமாக ஒன்று தெரிந்தால் அது என்னவென்று ஸ்கேன் திரை தானாகச் சொல்லிவிடாது. நீர் எங்கே தேங்கி நின்றாலும் அல்ட்ராசவுண்டில் கறுப்புதான். வயதானால் பலருக்கும் இருக்கிற வெறும் நீர்க்கட்டியும் கறுப்பு. நாயிடமிருந்து வருகிற நாடாப்புழுவின் கட்டியும் கறுப்பு. அமீபா கரைத்துப்போட்ட ஈரலும் ஏறக்குறைய கறுப்பு. முதலாவதை அப்படியே விட்டுவிட வேண்டும். இரண்டாவதில் தெரியாமல் ஊசியைச் செருகினால் படுக்கையிலேயே உயிருக்கு ஆபத்து. மூன்றாவதில் ஊசி தேவைப்படும் நேரத்தில் போடாவிட்டால் ஆபத்து. தென்மாவட்டம் ஒன்றில் ஸ்கேன் பார்த்துவரும் எனக்கு இந்த மூன்றையும் பிரித்துச் சொல்வது அன்றாட வேலை. சொல்லித்தர எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுதான்.

கல்லீரல் ஸ்கேனை நான் உடல் பரிசோதனையாகவே பார்க்கிறேன். நோயாளி மூச்சை இழுக்க வேண்டும், விட வேண்டும், புரள வேண்டும், வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். அப்போதுதான் கட்டி பேசும். வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு படத்தை அனுப்பி, "மேடம், இது என்ன கட்டி?" என்று கேட்கிறவர்கள் இப்போது அதிகம். கேட்பவர் நல்ல மருத்துவராகவே இருப்பார். ஆனால் அந்தப் படத்தில் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, அசைவு இல்லை. "அழுத்தினால் வலிக்கிறதா?" என்று திருப்பிக் கேட்பேன். பல நேரம் யாரும் அழுத்திப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வயிற்றுக்கு நாங்கள் எடுப்பது வளைந்த முகமுள்ள புரோப், சுமார் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ். விலா எலும்புக்குக் கீழே வைத்து, "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்றால் ஈரல் இறங்கிக் கண்ணுக்கு முன்னால் வரும். ஆனால் சீழ்க்கட்டியோடு வருகிறவரால் மூச்சை இழுக்கவே முடியாது. பாதி மூச்சில் முகம் சுளித்துவிடுவார். அந்த முகச்சுளிப்பே எனக்கு ஒரு தகவல். அவருக்கு விலா எலும்புகளின் இடுக்கு வழியாகத்தான் பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களிடம் நான் விடாமல் சொல்வது, ஈரலின் உச்சியைப் பார்க்காமல் புரோப்பை எடுக்காதே என்பது. உதரவிதானத்துக்கு நேர் அடியில், நுரையீரல் மறைக்கிற மூலையில்தான் சீழ்க்கட்டி ஒளிந்திருக்கும். மல்லாந்த நிலையில் அங்கே எதுவும் தெரியாது. இடது பக்கமாகப் புரண்டு படுக்கச் சொன்னால் ஈரல் முன்னால் சரிந்து அந்த மூலை திறக்கும். அரை நிமிட வேலை. கூட்டம் நிறைந்த காலை நேரத்தில் அந்த அரை நிமிடத்தைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது கெயின், அதாவது திரும்பி வரும் எதிரொலியை எவ்வளவு கூட்டிக் காட்டுவது என்கிற அமைப்பு. அதை அதிகமாக வைத்தால் தெளிந்த நீருக்குள்ளும் பொய்யான புள்ளிகள் நிறைந்து, சாதாரண நீர்க்கட்டி சீழ்க்கட்டி போலத் தெரியும். மிகவும் குறைத்தால் நிணநீர்ப் புற்று போன்ற திடமான கட்டிகூடக் கறுத்து நீர்க்கட்டி வேஷம் போடும். ஆகவே பக்கத்திலேயே ஓர் அளவுகோல் வைத்துக்கொள்கிறேன்: பித்தப்பை. பட்டினியாக வந்தவரின் பித்தப்பைக்குள் பித்தநீர் சுத்தக் கறுப்பாகத் தெரிகிற அளவுக்குக் கெயினைச் சரிசெய்துவிட்டுத்தான் கட்டிக்குப் போவேன். இரத்தக் குழாய்களும் குறுக்கே வெட்டிப் பார்த்தால் கறுப்பு வட்டங்கள்தான். சந்தேகம் வந்தால் இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளரைப் போட்டுவிட வேண்டும். இரத்தக் குழாய் வீங்கி உருண்டு நிற்பதை நீர்க்கட்டி என்று எண்ணி ஊசி போட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

வெறும் நீர்க்கட்டியை அடையாளம் காண்பது எளிது. உள்ளே சுத்தக் கறுப்பு, சுவர் இருப்பதே தெரியாத மெல்லிசு, பின்சுவர் கூர்மையான கோடு, அதற்கும் பின்னால் ஈரல் வழக்கத்தைவிடப் பளிச்சென்று தெரியும். திசு ஒலியை உறிஞ்சும், நீர் உறிஞ்சாது. நீரைக் கடந்துபோன ஒலி வலுக் குறையாமல் போவதால் பின்னால் இருக்கும் ஈரலிலிருந்து எதிரொலி கூடுதலாக வருகிறது. இந்தப் பின்வெளிச்சம் இல்லாத கறுப்பை நான் நீர் என்று ஒத்துக்கொள்வதில்லை. இப்படிப்பட்ட கட்டிகளுக்கு மருந்தும் வேண்டாம், மறு ஸ்கேனும் பெரும்பாலும் வேண்டாம். "கட்டின்னு எழுதியிருக்கே, கேன்சரா டாக்டரம்மா?" என்று கலங்குகிறவர்களிடம், "நரைமுடி மாதிரிம்மா, இருந்துட்டுப் போகட்டும்" என்பேன். எண்ண முடியாத அளவுக்கு நீர்க்கட்டிகள் ஈரல் முழுக்க இருந்தால் மட்டும் புரோப் உடனே கிட்னிக்குப் போக வேண்டும். இரண்டு கிட்னியிலும் அதே காட்சி என்றால் அது பரம்பரை நோய். அண்ணன், தங்கை, பிள்ளைகள் எல்லோரையும் பற்றி அப்போதே பேசத் தொடங்க வேண்டும்.

இனி அமீபா. எங்கள் பக்கத்தில் கல்லீரல் சீழ்க்கட்டி என்றாலே முதலில் நினைவுக்கு வருவது இதுதான். வருகிறவர்களும் ஏறத்தாழ ஒரே மாதிரி: நடுவயதுக்குள் இருக்கும் ஆண், உடல் உழைப்பாளி, பலருக்குக் குடிப்பழக்கம். பெண்களுக்கு வருவது பல மடங்கு குறைவு. கிருமியோடு நாம் விழுங்கும் அசுத்த நீர் குடலுக்குப் போகிறது. அங்கே குடலின் சுவரைத் துளைக்கும் அமீபா, போர்ட்டல் சிரை வழியாக ஈரலுக்கு வந்து சேர்கிறது. பெருங்குடலின் வலப் பகுதியிலிருந்து வரும் இரத்தம் ஈரலின் வலது மடலுக்கே அதிகம் பாய்வதால் கட்டி பெரும்பாலும் வலது மடலில்தான். பேதி இருந்ததா என்று கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்பார்கள். மலப் பரிசோதனையிலும் பலருக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே பேதி இல்லை என்பதற்காக அமீபாவைத் தள்ளிவிடக் கூடாது.

கொத்தனார் வேலை செய்யும் ஓர் இளைஞர் மனதில் நிற்கிறார். அனுப்பிய சீட்டில் "வலது தோள்பட்டை வலி, காய்ச்சல்" என்று இருந்தது. தோளுக்குத் தைலம் தேய்த்த மணத்தோடு வந்து படுத்தார். "தம்பி, எங்க வலிக்குது, ஒரு விரலால தொட்டுக் காட்டுங்க" என்றேன். முதலில் தோளைக் காட்டினார். "மூச்சு இழுத்தா?" என்றதும் விரல் தானாக வலது விலாவுக்கு இறங்கியது. உதரவிதானத்துக்கான நரம்பு கழுத்திலிருந்து புறப்படுவது. அதன் அடியில் ஈரல் வீங்கி உரசினால் வலி தோளில் தெரியும். அவர் காட்டிய இடுக்கிலேயே புரோப்பை வைத்து மெல்ல அழுத்தினேன். "ஐயோ டாக்டரம்மா" என்று என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். படம் திரையில் முழுதாக வருவதற்குள் எனக்கு முக்கால்வாசி தெரிந்துவிட்டது.

திரையில் இருந்தது பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலவே இருந்தது. முட்டை வடிவம். ஈரலின் மேலுறையை ஒட்டிய இடம். தடித்த சுவர் என்று எதுவும் இல்லை. ஈரல் முடிந்த இடத்தில் சட்டென்று கட்டி தொடங்குகிறது. உள்ளே சுத்தக் கறுப்பு இல்லை. மெல்லிய சாம்பல் புள்ளிகள் ஒரே சீராகப் பரவியிருக்க, பின்னால் அந்தப் பின்வெளிச்சம். புரோப்பால் இலேசாகத் தட்டி எடுத்ததும் அந்தப் புள்ளிகள் சோம்பலாகச் சுழன்றன. சுழன்றால் உள்ளே இருப்பது திரவம். திடக்கட்டி சுழலாது. பின்பு புரோப்பை மேலே சாய்த்து நெஞ்சுப் பக்கம் பார்த்தேன். வலது நுரையீரலுக்கு அடியில் கொஞ்சம் நீர். உதரவிதானம் உடைந்த தடம் இல்லை. உதரவிதானத்தைத் தொடுகிற அழற்சிக்கு நெஞ்சு காட்டும் எதிர்வினைதான் அந்த நீர்.

காய்ச்சல் வந்த முதல் சில நாட்களில் வருகிறவர்களிடம்தான் சிக்கல். ஈரல் திசு இன்னும் கரைந்திருக்காது. கட்டி திடமாக, சுற்றியுள்ள ஈரலின் நிறத்திலேயே, சில சமயம் அதைவிட வெளிச்சமாகக்கூடத் தெரியும். அதைப் பார்த்துப் புற்றுநோய் என்று எழுதிக் குடும்பத்தையே உலுக்கிவிடுகிற ரிப்போர்ட்டுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. காய்ச்சலும், அழுத்தினால் வலியும், இப்படி ஒரு திடமான பகுதியும் சேர்ந்தால், "சீழ்க்கட்டியின் தொடக்கமாக இருக்கலாம், 48 முதல் 72 மணி நேரத்தில் மீண்டும் ஸ்கேன் செய்யவும்" என்று எழுதுவேன். பெரும்பாலும் அந்த இரண்டு மூன்று நாளில் நடுவே கரைந்து கறுப்பு திறந்துவிடும். ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்கிற அவசரம் இந்தத் தொழிலுக்கு ஆகாது.

அமீபா சீழ் என்கிறோமே, உண்மையில் அதில் சீழணுக்கள் குறைவு. கரைந்த ஈரல்தான் அது. ஊசியில் எடுத்தால் சாக்லேட் நிறத்தில், நாற்றமில்லாமல் வரும். நாறினால் பாக்டீரியாவும் சேர்ந்துவிட்டது என்று பொருள். அமீபா அந்தத் திரவத்தில் நீந்திக்கொண்டிருப்பதில்லை, கட்டியின் விளிம்பில் உயிருள்ள ஈரலைத் தின்றுகொண்டிருக்கும். ஆகவே கடைசியாக வரும் சில சொட்டுகளைத்தான் கிருமிக்காகப் பார்க்க வேண்டும். இதை அறியாமல் முதல் சிரிஞ்சை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு "அமீபா இல்லை" என்ற பதிலை வாங்கி வைத்திருப்பார்கள்.

இந்த நோய்க்கு எங்கள் நாட்டில் ஒரு நீண்ட கதை உண்டு. மருந்து இல்லாத காலத்தில் வயிற்றைத் திறந்து சீழை வடித்தார்கள், பெரும்பகுதியினர் பிழைக்கவில்லை. 1912இல் கல்கத்தாவில் பணியாற்றிய லெனார்ட் ராஜர்ஸ் எமெட்டின் ஊசியைக் கொண்டுவந்தார். அது இதயத்தைப் பாதிக்கக்கூடிய கடுமையான மருந்துதான். ஆனாலும் கத்தியைவிட ஊசி எத்தனையோ மேல். 1966இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து மெட்ரோனிடசோல் பற்றிய முடிவுகள் வந்த பிறகு எல்லாம் மாறியது. இன்று பெரும்பாலானோருக்கு மாத்திரையே போதும். மூன்று முதல் ஐந்து நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.

பிறகு எதற்கு ஊசி? கட்டி மிகப் பெரிதாக இருந்து, அதற்கும் மேலுறைக்கும் இடையே ஈரல் ஒரு மெல்லிய விளிம்பாக மட்டும் மிஞ்சியிருந்தால். மருந்து தொடங்கிச் சில நாளாகியும் காய்ச்சல் இறங்காவிட்டால். பாக்டீரியாவா அமீபாவா என்று தீராவிட்டால். அல்லது கட்டி இடது மடலில் இருந்தால். இடது மடல் என்றால் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அதற்கு நேர் மேலே இதயத்தின் உறை இருக்கிறது. உடைந்து அதற்குள் கொட்டினால் சில மணி நேரம்கூடக் கிடைக்காது. இடது மடலில் சீழ்க்கட்டியைப் பார்த்த கையோடு புரோப்பை மார்பெலும்பின் கீழ் மேல்நோக்கிச் சாய்த்து இதயத்தைச் சுற்றி நீர் இருக்கிறதா என்று பார்ப்பதும், ரிப்போர்ட் தட்டச்சாகும்வரை காத்திருக்காமல் அனுப்பிய மருத்துவரைப் போனில் கூப்பிடுவதும் எனக்கு ஒரே செயல்.

அடுத்து நாடாப்புழுக் கட்டி. மருத்துவத்தில் ஹைடாடிட் என்பார்கள். எக்கினோகாக்கஸ் என்ற இந்தப் புழு நாயின் குடலில் வாழ்வது; சில மில்லிமீட்டர் நீளம்தான். முட்டைகள் நாயின் மலத்தோடு மண்ணுக்கும் புல்லுக்கும் போகின்றன. மேய்கிற ஆடு விழுங்கினால் அதன் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி வளரும். ஆட்டை அறுத்து, கட்டியுள்ள ஈரலையும் நுரையீரலையும் நாய்க்குப் போட்டால் சுற்று நிறைவடைகிறது. மனிதர் இந்தச் சுற்றுக்குள் தவறிப்போய் மாட்டிக்கொள்கிறவர். நாயைத் தடவிய கையோடு சாப்பிடுவது, கழுவாத கீரை, அசுத்த நீர் இவைதான் வழி. ஆட்டுக்கறி தின்பதால் இது வராது. இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். உடம்புக்குள் வந்த முட்டை பொரித்து, பெரும்பாலும் ஈரலில், அடுத்தபடியாக நுரையீரலில் தங்கும். வளர்ச்சி மெதுவானது. சிறுவயதில் விழுங்கியது நடுவயதில் தெரியவரும். காய்ச்சல் இருக்காது.

வயிற்றின் மேல்பகுதி கனமாக இருக்கிறது என்று வந்த ஓர் அம்மாளை வேறோர் ஊரில் ஸ்கேன் பார்த்துச் சாதாரண நீர்க்கட்டி என்று சொல்லி, ஊசி போட்டு நீரை எடுத்துவிடலாம் என்று எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். கட்டி பெரிது, உள்ளே கறுப்பு. ஆனால் சுவர் தெரிந்தது. அதுதான் முதல் உறுத்தல். ஆழத்தைக் குறைத்துச் சுவரைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை, இரண்டு வெள்ளைக் கோடுகள், நடுவே மயிரிழைக் கறுப்பு. வெளிக்கோடு நம் உடம்பு கட்டிய வேலி, உட்கோடு புழுவின் சொந்த உறை.

"வீட்ல ஆடு வச்சிருக்கீங்களாம்மா?"

"கிடை போடுற குடும்பம்தான் டாக்டரம்மா நாங்க. மாமனார் கீதாரி."

"நாய்?"

"நாய் இல்லாம கிடைக்குக் காவல் யாரு?"

"சரிம்மா, கொஞ்சம் புரண்டு படுங்க. இடது பக்கமா. இப்ப மறுபடி மல்லாந்து."

அவர் புரண்டபோது கட்டியின் அடியில் ஒட்டிப் படிந்திருந்த மெல்லிய வண்டல் கிளம்பி, கறுப்பு நீருக்குள் வெள்ளைப் புள்ளிகளாக மிதந்து, மெதுவாக மீண்டும் அடியில் இறங்கியது. ஹைடாடிட் மணல் என்று சொல்வது இதைத்தான். ஒவ்வொரு துகளும் புழுவின் குட்டித்தலை, அல்லது அந்தத் தலைகளைச் சுமக்கும் பை. அசையாமல் படுத்திருந்தவரை எடுத்த படத்தில் இது வந்திருக்கவே முடியாது. முதலில் பார்த்தவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஊசி அங்கேயே, எதையும் எதிர்பாராமல், போடப்பட்டிருந்தால் அந்த நீர் வயிற்றுக்குள் கசிந்து கடுமையான ஒவ்வாமை அதிர்ச்சி வந்திருக்கலாம். தப்பித்திருந்தாலும் சிந்திய துகள்கள் வயிறு முழுக்கப் புதுக் கட்டிகளாக முளைத்திருக்கும்.

ஹைடாடிட் கட்டியின் தோற்றங்களை முதலில் முறைப்படுத்தியவர் துனிசியாவின் ஹசன் கர்பி. அவரது வகைப்பாடு 1981இல் வெளிவந்தது. ஆடும் நாயும் நிறைந்த நாடு அது. நோயை நிறையப் பார்த்தவர்கள் எழுதியது என்பது படிக்கும்போதே தெரியும். அதிலிருந்து வளர்ந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டைத்தான் இப்போது ரிப்போர்ட்டில் எழுதுகிறோம். இதில் எனக்குப் பிடித்தது, வகை எண்ணே கட்டியின் வாழ்க்கைக் கதையைச் சொல்வது. சிஇ1 மேலே சொன்ன இரட்டைக் கோட்டுக் கட்டி, உயிரோட்டமானது. சிஇ2 தாய்க்கட்டிக்குள் குட்டிக் கட்டிகள் நெருக்கமாக அடுக்கிய தேனடைத் தோற்றம், அதுவும் உயிரோட்டமானது. சிஇ3 மாறும் நிலை. அதில் முதல் பிரிவில் புழுவின் உறை கழன்று உள்ளே அல்லி இலைபோல மிதக்கும். இரண்டாவது பிரிவில் திடமான பகுதிக்குள் குட்டிக் கட்டிகள் இன்னும் உயிரோடு இருக்கும். சிஇ4 உள்ளே எல்லாம் கெட்டியாகிச் சுருண்ட நூல்கண்டு போன்றது. சிஇ5 சுண்ணாம்பு படிந்து நிழல் விழுவது. இந்தக் கடைசி இரண்டும் செத்த கட்டிகள். தொந்தரவு இல்லையென்றால் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், அறுக்க வேண்டியதில்லை. இதையெல்லாம் எழுதாமல் "ஹைடாடிட் கட்டி, 7 செ.மீ." என்று மட்டும் எழுதினால் அறுவை மருத்துவருக்கு அதனால் பயனில்லை. சிஇ4 கட்டி ஒன்றை ஈரல் புற்று என்று பயந்து ஓடிவருகிறவர்களும் உண்டு. அதற்குள் இரத்த ஓட்டம் இருக்காது. டாப்ளரில் அமைதியாக இருக்கும்.

ஊசியே கூடாது என்று ஒரு தலைமுறைக்கே கற்பிக்கப்பட்டது. 1980களின் நடுவில் அதே துனிசியாவிலிருந்து வந்த முறை அதை மாற்றியது. அல்பெண்டசோல் மாத்திரையை முன்கூட்டியே தொடங்கி, ஒவ்வாமைக்கு எல்லா ஏற்பாடும் செய்துவைத்து, அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி ஊசியை ஈரல் திசு வழியாகவே கட்டிக்குள் செலுத்தி, நீரை எடுத்து, புழுவைக் கொல்லும் அடர் உப்புக் கரைசலையோ ஆல்கஹாலையோ விட்டு, சற்றுப் பொறுத்துத் திரும்ப உறிஞ்சி எடுப்பது. எடுத்த நீரில் பித்தம் கலந்திருந்தால் மருந்தை உள்ளே விடக் கூடாது. பித்தக் குழாய் வெந்துவிடும். சிஇ1 வகைக்கும் உறை கழன்ற சிஇ3 வகைக்கும் இது நல்ல பலன் தரும். குட்டிக் கட்டிகள் நிறைந்தவற்றில் வேலை செய்யாது. அந்த அம்மாளுக்கு இந்த முறையிலேயே செய்தார்கள். சில மாதம் கழித்து வந்தபோது கட்டி சுருங்கி, உறை உள்ளே மடிந்து கிடந்தது. அவர் வீட்டில் எல்லோருக்கும் ஒரு முறை ஸ்கேன் பார்த்தோம். நாய்களுக்குப் பூச்சி மருந்து கொடுக்கவும், அறுத்த ஆட்டின் கழிவை நாய்க்கு எட்டாமல் புதைக்கவும் அவருடைய மாமனாரிடம் பேசினேன். கேட்டுக்கொண்டார். செய்தாரா என்பது தெரியாது. அங்கே போய்க் கேட்க வேண்டும் என்று இன்னும் மனதில் இருக்கிறது.

பாக்டீரியா சீழ்க்கட்டி வேறு சாயல். சர்க்கரை நோயாளிகள், பித்தக்குழாயில் கல் அடைத்தவர்கள், குடல்வால் அழற்சி முற்றிப்போனவர்கள் இப்படி வருவார்கள். சிறு சிறு கட்டிகள் ஒன்றை ஒன்று நோக்கிக் கூடி ஒரு பெரிய கட்டியாகும். விளிம்பு ஒழுங்கற்றிருக்கும், உள்ளே தடுப்புகள் இருக்கும். பளிச்சென்ற வெள்ளைப் புள்ளியும் அதன் பின்னே அழுக்கான நிழலும் தெரிந்தால் உள்ளே காற்று. அவரை அன்றே சேர்க்க வேண்டும். இங்கே ஈரலோடு ஸ்கேனை நிறுத்திவிடுவது பாதி வேலை. சீழ் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும்: பித்தப்பை, பித்தக்குழாய், போர்ட்டல் சிரையில் உறைந்த இரத்தம், குடல்வால், வயதானவர் என்றால் பெருங்குடலில் கட்டி. கிளெப்சியெல்லா என்ற கிருமி சர்க்கரை நோயாளிகளிடம் செய்கிற ஒரு கொடுமை உண்டு, ஈரலிலிருந்து கண்ணுக்குப் பரவிப் பார்வையைப் பறிப்பது. ஆகவே ஈரலைப் பார்த்துக்கொண்டே "கண்ணு மங்கலா இருக்காய்யா?" என்று கேட்பது என் வழக்கம். வினோதமாகப் பார்ப்பார்கள். பரவாயில்லை.

மழைக்காலத்தில் வயலில் இறங்கி வேலை செய்கிற சர்க்கரை நோயாளிக்கு, ஈரலில் தேனடைபோல நெருங்கிய குழிகளும் மண்ணீரலிலும் சிறு சீழ்க்கட்டிகளும் இருந்தால் மெலியாய்டோசிஸ் என்ற பெயரை நான் எழுதிவிடுவேன். ஈரமண்ணிலும் நீரிலும் வாழும் கிருமி அது. ஆய்வகத்தில் வளர்ந்தாலும் சூடோமோனாஸ் என்று தவறாகப் பெயர் சூட்டப்பட்டுவிடும். முன்கூட்டிச் சொன்னால்தான் கவனித்துத் தேடுவார்கள். வழக்கமான சீழ்க்கட்டி மருந்து இதற்குப் போதாது. சில வாரம் சிரை வழியாக ஊசி, அதன்பின் மாதக்கணக்கில் மாத்திரை. பெயரைச் சொல்லாமல் விட்டால் நோயாளி திரும்பத் திரும்ப அட்மிட் ஆகிக்கொண்டிருப்பார்.

இரத்தப் புற்றுக்கு மருந்து ஏற்றிக்கொள்ளும் குழந்தைகளுக்கு வரும் பூஞ்சைத் தொற்று இன்னொன்று. வளைந்த புரோப்பில் ஈரல் சும்மா பொரபொரவென்றிருக்கும். தைராய்டு பார்க்கும் நேரான புரோப்பை எடுத்து வைத்தால், நடுவே வெள்ளையும் சுற்றிலும் கறுப்புமாகச் சின்னச் சின்ன வளையங்கள் தெரியும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது தெரியாமல், அவை ஏறத் தொடங்கியதும்தான் தெரியவரும். காய்ச்சல் நிற்கவில்லை என்றால் மீண்டும் பார்க்க வேண்டும்.

புற்றுக்கட்டி நடுவே அழுகிச் சீழ்க்கட்டியாகத் தெரிவது எல்லாவற்றிலும் கடினம். அதற்கும் காய்ச்சல் வரும். தடித்த, முண்டும் முடிச்சுமான சுவர், சுவருக்குள் இரத்த ஓட்டம், எடை இறங்கியது, சுற்றியுள்ள ஈரல் ஏற்கெனவே சுருங்கி முரடாக இருப்பது இவற்றை வைத்துச் சந்தேகிக்கலாம். சந்தேகம் இருந்தால் சிடி எடுக்கச் சொல்வதில் கௌரவக் குறைவு இல்லை.

சீழ்க்கட்டிக்கு வைத்தியம் முடிந்தவர்கள் மறு ஸ்கேனுக்கு வருவார்கள். காய்ச்சல் போய்விட்டது, பசிக்கிறது, வேலைக்குப் போகிறார். ஆனால் திரையில் குழி அப்படியே இருக்கிறது. அமீபா சீழ்க்கட்டியின் குழி மறைய மாதங்கள் ஆகும். அரை ஆண்டுகூட, சிலருக்கு அதற்கும் மேல். "கட்டி இன்னும் உள்ளது" என்று ஒரு வரி எழுதிவிட்டால் அடுத்த நாளே மருந்தை மீண்டும் தொடங்கிவிடுவார்கள், அல்லது இன்னோர் ஊசி போடுவார்கள். அதனால் பழைய அளவையும் புதிய அளவையும் அருகருகே எழுதி, "குணமாகிவரும் குழி, நோய்க்குறிகள் இல்லாதபோது இதற்கென்று மருந்து தேவையில்லை" என்று சேர்க்கிறேன்.

மெட்ரோனிடசோல் ஈரலில் உள்ள அமீபாவைக் கொல்லும். குடலில் தங்கியிருப்பதை முழுதாகக் கொல்லாது. அதற்குத் தனியாக டைலாக்ஸனைடு ஃபியூரோயேட், 500 மி.கி. வீதம் மூன்று வேளை, 10 நாள் தர வேண்டும். காய்ச்சல் நின்றதும் எல்லோரும் இதை மறந்துவிடுகிறார்கள். பின்பு அதே ஆள் மறுபடி அமீபாவோடு வருகிறார், அதுவரை வீட்டாருக்கும் பரப்பிக்கொண்டிருக்கிறார். அந்தக் கொத்தனார் தம்பி மறு ஸ்கேனுக்கு வந்தபோது ஜெல்லைத் துடைத்துவிட்டுச் சட்டை போடுவதற்குள், சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். டைலாக்ஸனைடு அதில் இல்லை. அவர் அங்கேயே நிற்க, அனுப்பிய டாக்டருக்குப் போன் போட்டேன்.